கம்பெனி மெடிக்கல் கவர் இருக்கிறது. சொந்த பாலிசிக்கு டிடக்டபிள் எவ்வளவு வைப்பது?

மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் கம்பெனி வேலையில் இருப்பவர் சொந்தமாக ஒரு ஹெல்த் பாலிசி எடுக்கப் போனால், ஏஜென்ட் கேட்கும் முதல் கேள்வி, “ஆபீஸ்ல எவ்வளவு கவர் சார்?” என்பதுதான். ஐந்து லட்சம் என்று சொன்னால் டிடக்டபிள் (பில்லில் பாலிசி தராமல் கழித்துக்கொள்ளும் முதல் தொகை) கட்டத்திலும் ஐந்து லட்சத்தைப் போட்டு, ப்ரீமியம் எவ்வளவு குறைகிறது பாருங்கள் என்று காட்டுவார். முதல் ஐந்து லட்சத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், அதற்கு மேல் வந்தால் சொந்த பாலிசி. காகிதத்தில் பார்க்க இந்தக் கணக்கு நன்றாகத்தான் இருக்கும்.

பணியாளர் நலப் பிரிவில் உட்கார்ந்து கிளைம் காகிதங்களைப் பார்த்து வருகிற எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. டிடக்டபிளைக் கம்பெனி கவரின் அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. கம்பெனி கவர் கைகொடுக்காத நாளில், வட்டிக்கு ஓடாமல் ஒரு வாரத்துக்குள் நீங்கள் எவ்வளவு பணம் புரட்ட முடியும்? அந்தத் தொகைதான் அளவுகோல். அது பெரும்பாலான வீடுகளில் கம்பெனி கவரைவிடக் குறைவாகவே இருக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த எண்ணைக் கண்டுபிடித்து, அதற்கேற்ற பாலிசியை எடுத்து, கிளைம் வரை கொண்டுபோவதற்கானவை.

முதலில் டாப்-அப், சூப்பர் டாப்-அப் இரண்டையும் பிரித்துப் பாருங்கள்

டிடக்டபிள் மூன்று லட்சம் என்றால், முதல் மூன்று லட்சத்துக்கு இந்த பாலிசி பொறுப்பில்லை. அதை நீங்கள் கையிலிருந்து கட்டினாலும் சரி, வேறு பாலிசி கட்டினாலும் சரி. அதற்கு மேல் வருவதைத்தான் இது தரும். டிடக்டபிள் உங்கள் காப்புத் தொகையை (சம் இன்ஷூர்ட்) குறைக்காது. 20 லட்சம் சம் இன்ஷூர்ட், 3 லட்சம் டிடக்டபிள் என்றால், மூன்று லட்சத்துக்கு மேலே முழு 20 லட்சமும் உண்டு.

இப்படிப் பெரிய டிடக்டபிளுக்கு மேல் தரும் பாலிசிகள் இரண்டு வகை. டாப்-அப் என்று விற்கப்படுவதில் ஒவ்வொரு தடவை அட்மிட் ஆகும்போதும் டிடக்டபிள் புதிதாகக் கழியும். சூப்பர் டாப்-அப்பில் பாலிசி வருடம் முழுக்க வரும் பில்களைக் கூட்டி, ஒரே ஒரு தடவை கழிப்பார்கள். ஒரே வருடத்தில் இரண்டரை லட்சம், இரண்டு லட்சம் என்று இரண்டு பில் வந்தால், மூன்று லட்சம் டிடக்டபிள் உள்ள டாப்-அப் ஒரு பைசா தராது. சூப்பர் டாப்-அப் ஒன்றரை லட்சம் தரும். ப்ரீமியம் கொஞ்சம் கூடினாலும் இந்த இரண்டில் சூப்பர் டாப்-அப்பை மட்டும் பாருங்கள் என்பேன்.

மூன்றாவது வழி, சாதாரண முழு பாலிசியையே எடுத்து, அதில் 25,000, 50,000, ஒரு லட்சம் என்று நீங்களாக ஒரு டிடக்டபிளை ஏற்றுக்கொண்டு ப்ரீமியத்தில் தள்ளுபடி வாங்குவது. கையிருப்பு குறைவான குடும்பத்துக்கு இது நல்ல வழி. கீழே நான் சொல்வது இதற்கும் பொருந்தும்.

உங்களுக்கு இது பொருந்துமா?

வடசென்னையில் பலருக்கு ‘கம்பெனி மெடிக்கல்’ என்பது இன்ஷூரன்ஸ் பாலிசியே இல்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு). அவர்கள் போவது அயனாவரம் ஈஎஸ்ஐ மருத்துவமனைக்கு. ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ஆட்களுக்கும் ரயில்வே ஆட்களுக்கும் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை. அங்கே சிகிச்சைக்குப் பணம் கட்டுவதில்லை, அதனால் பில்லும் இல்லை. பில் இல்லையென்றால், டிடக்டபிள் தொகையைத் தாண்டிவிட்டேன் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் காட்ட ஒன்றும் இருக்காது. ஈஎஸ்ஐக்கு மேல் பெரிய டிடக்டபிளுடன் சூப்பர் டாப்-அப் எடுத்து வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நாளைக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் அட்மிட் ஆனால், டிடக்டபிள் வரைக்குமான பணம் முழுக்க உங்கள் கையிலிருந்துதான் போகும். இவர்களுக்கு டிடக்டபிள் இல்லாத சிறிய பாலிசியே சரி.

ஈஎஸ்ஐயில் இன்னொரு விஷயம். சம்பள உயர்வில் 21,000-ஐத் தாண்டினால் உடனே வெளியேற்ற மாட்டார்கள். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற பங்களிப்புக் காலத்தில் எதில் இருக்கிறீர்களோ அது முடியும்வரை பிடித்தம் தொடரும். அதற்குள் சொந்த பாலிசியை எடுத்துவிடுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை முதலில் வாங்குங்கள்; ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை பாதுகாப்பு உண்டு.

படி 1: கம்பெனி பாலிசியின் விவரத்தைக் கையில் வாங்குங்கள்

மொபைலில் இருக்கும் இ-கார்டில் சம் இன்ஷூர்ட் மட்டும்தான் தெரியும். எச்ஆரிடம் ‘பெனிஃபிட் மேனுவல்’ அல்லது பாலிசி சுருக்கம் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். அதில் இவற்றைப் பாருங்கள்.

ஐந்து லட்சம் ஆளுக்கா, மொத்தக் குடும்பத்துக்கா? பெற்றோர் அதே ஐந்து லட்சத்துக்குள் இருக்கிறார்களா, தனியாகவா? பெற்றோர் கிளைமுக்கு கோ-பே (பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்டுவது) உண்டா? அறை வாடகைக்கு வரம்பு எவ்வளவு? கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனி உச்சவரம்பு உண்டா? பாலிசி வருடம் எந்தத் தேதியில் தொடங்குகிறது?

அறை வாடகை வரம்பைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். வரம்பு 5,000, நீங்கள் எடுத்த அறை 8,000. நாளுக்கு 3,000 தானே என்று நினைப்போம். அப்படி இல்லை. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் கட்டணம் எல்லாமே அறையின் வகையைப் பொறுத்து ஏறுவதால், அவற்றையும் அதே எட்டுக்கு ஐந்து விகிதத்தில் வெட்டுவார்கள். மருந்து, இம்ப்ளான்ட், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றில் இப்படி வெட்டக் கூடாது என்று ஐஆர்டிஏஐ (இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) விதி இருக்கிறது. அப்படியும் வெட்டியிருந்தால் எழுதிக் கேளுங்கள்.

படி 2: கம்பெனி கவர் எங்கே ஓட்டையாகிறது என்று எழுதிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கோ-பே. அப்பாவுக்கு பைபாஸ். கணக்கில் ஏற்கத்தக்க பில் நாலரை லட்சம். கம்பெனி கவர் ஐந்து லட்சம், பெற்றோருக்கு 20 சதவீதம் கோ-பே. கம்பெனி பாலிசி 3,60,000 கட்டும், 90,000 உங்கள் தலையில். அப்பாவையும் சேர்த்து எடுத்த சூப்பர் டாப்-அப்பில் டிடக்டபிள் ஐந்து லட்சமாக இருந்தால், நாலரை லட்சம் அதைத் தாண்டவே இல்லை, பூஜ்யம். மூன்று லட்சமாக இருந்தால் ஒன்றரை லட்சம் வரை தர அதற்கு இடம் இருக்கிறது, ஆக அந்த 90,000-மும் வந்துவிடும். செலவான பணத்துக்கு மேல் ஒருபோதும் தர மாட்டார்கள், ஆனால் செலவான பணம் வரும்.

அடுத்தது, பங்கு போட்டுக்கொள்ளும் ஐந்து லட்சம். மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா எல்லாரும் ஒரே ஐந்து லட்சத்துக்குள். சொந்த சூப்பர் டாப்-அப்பில் நீங்கள், மனைவி, பிள்ளைகள் மட்டும். பெற்றோரைச் சேர்த்தால் ப்ரீமியம் எகிறுகிறது என்று விட்டுவிட்டீர்கள். ஜூனில் அப்பாவுக்கு நாலு லட்சம் ஆனது, கம்பெனி கட்டியது. நவம்பரில் மனைவிக்கு ஆபரேஷன், நாலு லட்சம். கம்பெனியில் மிச்சம் ஒரு லட்சம்தான். மூன்று லட்சம் பாக்கி. சூப்பர் டாப்-அப்பிடம் போனால், “அப்பா எங்கள் பாலிசியில் இல்லை, அவருடைய நாலு லட்சத்தை எண்ண மாட்டோம். மனைவியின் நாலு லட்சம் உங்கள் ஐந்து லட்சம் டிடக்டபிளைத் தாண்டவில்லை” என்பார்கள். அவர்கள் சொல்வது பாலிசிப்படி சரிதான். மூன்று லட்சமும் உங்கள் கையிலிருந்து. டிடக்டபிள் இரண்டு லட்சமாக இருந்திருந்தால் இரண்டு லட்சம் வந்திருக்கும். ஒரு லட்சமாக இருந்திருந்தால் மூன்று லட்சமும் வந்திருக்கும்.

மூன்றாவது ஓட்டை, வருடம் பொருந்தாமல் போவது. கம்பெனி பாலிசி ஏப்ரல் முதல் மார்ச். உங்கள் சூப்பர் டாப்-அப் டிசம்பரில் தொடங்குகிறது, டிடக்டபிள் மூன்று லட்சம். அக்டோபரில் மூன்று லட்சம், ஜனவரியில் மூன்று லட்சம் பில். கம்பெனிக்கு இரண்டும் ஒரே வருடம். ஐந்து லட்சம் கொடுத்து முடித்துவிடும். ஆனால் சூப்பர் டாப்-அப்புக்கு இவை இரண்டு வெவ்வேறு வருடங்கள். எந்த வருடத்திலும் மூன்று லட்சத்தைத் தாண்டவில்லை. ஒரு லட்சம் உங்கள் பொறுப்பு. இரண்டும் ஏப்ரலில் தொடங்கியிருந்தால் அந்த ஒரு லட்சமும் கிடைத்திருக்கும். கம்பெனி பாலிசி புதுப்பிக்கும் மாதம் பக்கத்தில் இருந்தால் அதே மாதத்தில் எடுங்கள். ஆறேழு மாதம் தள்ளி இருந்தால் காத்திருக்க வேண்டாம், இப்போதே எடுத்து டிடக்டபிளைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

எங்கள் பிரிவுக்கு வரும் ஒரு தம்பி கேட்டார்: “அக்கா, கம்பெனி அஞ்சு லட்சம் குடுக்குது. நான் மூணு லட்சம் டிடக்டபிள் போட்டா நடுவுல ரெண்டு லட்சத்துக்கு ரெண்டு பாலிசி இருக்கு, அது தண்டம்தானே?” பலருக்கும் இதே எண்ணம்தான். மேலே உள்ள முதல் இரண்டு கணக்கிலும் பணம் வருவது, டிடக்டபிளைக் கம்பெனி கவரைவிடக் குறைத்து வைத்தால்தான். அது தண்டம் இல்லை தம்பி என்று அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

படி 3: புரட்டக்கூடிய தொகையைக் கணக்கிடுங்கள்

வேலை போய் மூன்றாவது வாரம், வீட்டில் ஒருவர் அட்மிட் ஆகிறார் என்று வைத்து எழுதுங்கள். சேமிப்புக் கணக்கில் இருப்பது, உடைக்கக்கூடிய எஃப்டி: இரண்டையும் முழுதாக எண்ணலாம். அதிலிருந்து மூன்று மாத வீட்டுச் செலவு, வாடகை, ஸ்கூல் ஃபீஸ், வண்டி டியூ ஆகியவற்றைக் கழியுங்கள். வேலை இல்லாத நாளில் அவையும் அதே பணத்திலிருந்துதான் போகும். சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால், தள்ளி எடுக்கும்போது கழிவு போக எவ்வளவு கைக்கு வரும் என்று போடுங்கள். பிஎஃப் அட்வான்ஸை எண்ணாதீர்கள்; பணம் எப்போது வந்து சேரும் என்று உங்கள் கையில் இல்லை.

நகையை எண்ணலாமா? வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நகைக் கடன் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. பில் கட்ட வைத்த நகை, சம்பளம் இல்லாத மாதங்களில் வட்டி கட்டாமல் மூழ்கிப்போவதை நம் தெருக்களில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம். ப்ரீமியத்தில் மிச்சம் பிடித்த இரண்டாயிரத்துக்காகத் தாலிச் செயினைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

வரும் எண்ணைக் கீழ்நோக்கி அருகிலுள்ள டிடக்டபிளுக்கு இறக்குங்கள். 2,60,000 வந்தால் இரண்டு லட்சம். 80,000 வந்தால் முழு பாலிசியில் 50,000 டிடக்டபிள். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் டிடக்டபிள் வேண்டாம். காப்புத் தொகையைக் குறைத்தாவது முதல் ரூபாயிலிருந்து தரும் பாலிசியை எடுங்கள்.

படி 4: மூன்று விலை வாங்கி வகுத்துப் பாருங்கள்

ஒரே கம்பெனி, ஒரே காப்புத் தொகை, ஒரே ஆட்கள். டிடக்டபிள் மட்டும் மாற்றி மூன்று விலை கேளுங்கள். உதாரணத்துக்கு, ஐந்து லட்சத்திலிருந்து மூன்று லட்சத்துக்கு இறங்க வருடத்துக்கு 1,500 ரூபாய் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சத்தை 1,500-ஆல் வகுத்தால் 133. அதாவது 133 வருடம் கட்டினால்தான் ஒரு தடவை கிடைக்கும் பணத்துக்கு ஈடாகும். கண்ணை மூடிக்கொண்டு மூன்று லட்சத்தை எடுங்கள். மூன்றிலிருந்து ஒரு லட்சத்துக்கு இறங்க 7,000 கூடினால், வகுத்து வருவது 28. இங்கே யோசிக்கலாம். ஒரு லட்சத்துக்கும் மூன்று லட்சத்துக்கும் இடைப்பட்ட பில் அடிக்கடி வரக்கூடியது, அதனால்தான் அந்த அடுக்குக்கு விலை அதிகம். படி 3-இல் வந்த தொகை அதைத் தாங்கினால் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தாங்காவிட்டால் வாங்குங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு முன் இருந்த 18 சதவீதத்தைச் சேர்த்துப் போட்ட பழைய கணக்கை யாராவது காட்டினால் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வரிச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறைக்கு மாறியவர்கள் அதை நினைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

சந்தேகமாக இருந்தால் குறைந்த டிடக்டபிளில் தொடங்குங்கள். பிறகு ஏற்றிக்கொள்வது சுலபம். குறைக்கக் கேட்டால், அதற்குள் வந்த சர்க்கரை, பிபி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சரி என்பார்கள், மறுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

படி 5: பாலிசி வாசகத்தில் தேட வேண்டியவை

விளம்பர நோட்டீஸை ஒதுக்கிவிட்டு முழு பாலிசி வாசகத்தைக் கேளுங்கள். டிடக்டபிள் பற்றிய பத்தியில், “டிடக்டபிள் அல்லது வேறு பாலிசியில் பெற்ற தொகை, இதில் எது அதிகமோ அதற்கு மேல்” என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கம்பெனி நாலு லட்சம் கொடுத்திருக்கும்போது உங்கள் டிடக்டபிள் இரண்டு லட்சமாக இருந்தும், நாலுக்கு மேல் வருவதைத்தான் தருவார்கள். குறைந்த டிடக்டபிளுக்குக் கூடுதல் ப்ரீமியம் கட்டியதன் பயன் பாதி போய்விடும். இந்த வரி இல்லாத பாலிசியைத் தேர்ந்தெடுங்கள்.

சில பாலிசிகளில், சில வருடம் தொடர்ந்து கட்டினால் டிடக்டபிளை நீக்கிவிட்டு முழு பாலிசியாக மாற்றிக்கொள்ளலாம், காத்திருப்புக் காலம் மறுபடி தொடங்காது. ஓய்வு பெற இன்னும் பத்துப் பதினைந்து வருடம் இருப்பவர்களுக்கு இது மிக உதவும். எந்த வயதுக்குள், எத்தனை வருடம் கழித்து என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மருத்துவமனைப் பட்டியலையும் பாருங்கள். ராயபுரத்திலோ கொடுங்கையூரிலோ இருப்பவருக்கு அடையாறில் உள்ள மருத்துவமனை நடுராத்திரி நெஞ்சுவலிக்கு உதவாது. தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் எது இருக்கிறது, அது கம்பெனி பாலிசியின் பட்டியலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இருந்தால் இரண்டையும் கேஷ்லெஸ்ஸாக (பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவது) பயன்படுத்தக் கேட்பது சுலபம்.

படி 6: படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள்

கம்பெனி பாலிசியில் பொதுவாக முதல் நாளிலிருந்தே பழைய நோய்களுக்கும் கவர் இருக்கும். அந்தப் பழக்கத்தில் சொந்த பாலிசிப் படிவத்தையும் அவசரமாக நிரப்பிவிடுகிறார்கள். இங்கே முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதற்கும் கவர் இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடம் காத்திருக்க வைக்கலாம்; 2024-க்கு முன் இது நாலு வருடமாக இருந்தது. கம்பெனி கவர் இருக்கும் காலத்திலேயே இந்த மூன்று வருடத்தைக் கழித்துவிடுவதுதான், இப்போதே சொந்த பாலிசி எடுப்பதன் பெரிய பலன்.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர்க்காரர்கள் எழுதாமல் விடுவது வீசிங். இன்ஹேலர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, காற்று அப்படி, இது ஒரு நோயா என்று விட்டுவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனவர்களிடம் அந்த டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். அதையும் எழுதுங்கள். பின்னாளில் ஒரு நிமோனியா கிளைமில் டாக்டர் குறிப்பில் ‘பல வருடமாக வீசிங்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், உண்மையை மறைத்தார் என்று மறுத்துவிடுவார்கள். ஐந்து வருடம் விடாமல் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்தார் என்ற காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. ஆனால் அந்த ஐந்து வருடத்துக்குள் கிளைம் வராது என்று யாராலும் சொல்ல முடியாது.

பாலிசி கைக்கு வந்ததும் 30 நாள் அவகாசம் உண்டு. படித்துப் பாருங்கள், பேசியதும் அச்சிட்டதும் ஒத்துப்போகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

படி 7: கிளைம் நேரத்தில்

முதலில் கம்பெனி பாலிசியில் கேஷ்லெஸ் போடுங்கள். பில் டிடக்டபிளுக்குள்தான் நிற்கும் என்று தோன்றினாலும் சூப்பர் டாப்-அப் கம்பெனிக்கும் அன்றே தகவல் சொல்லி, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். வருடத்தின் இரண்டாவது பில் வரும்போது முதல் பில்லின் காகிதம் தேவைப்படும்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் கேட்டு வாங்க வேண்டியவை: முழு விவரத்துடன் பிரித்த பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா ரிப்போர்ட்டும், பணம் கட்டிய ரசீதுகள், இவற்றின் சான்றளித்த நகல்கள். பிறகு கம்பெனி பாலிசியின் டிபிஏவிடமிருந்து (இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளைம்களைக் கையாளும் நிறுவனம்) செட்டில்மென்ட் லெட்டர். எதை ஏற்றார்கள், எதை வெட்டினார்கள், ஏன் என்று அதில் வரிவரியாக இருக்கும். இந்தக் கடிதம் இல்லாமல் சூப்பர் டாப்-அப் கிளைம் நகராது. வெட்டிய ஒவ்வொரு வரியையும் எடுத்து, சொந்த பாலிசியில் அது தகுதி பெறுமா என்று பாருங்கள். அறை வாடகை வரம்பால் வெட்டியது இங்கே பெரும்பாலும் கிடைக்கும். கையுறை, நர்சிங் கிட் போன்றவை சாதாரணமாகக் கிடைக்காது.

மறுத்தால் முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகார் செய்யலாம், சென்னையிலேயே உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடமும் (குறைகளை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

படி 8: வேலையை விடும்போது

ராஜினாமா கடிதம் கொடுத்த அன்றே எச்ஆரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கம்பெனி கவர் கடைசி வேலை நாளோடு முடிகிறதா, மாதக் கடைசி வரை இருக்கிறதா? அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்? குழு பாலிசியிலிருந்து தனி பாலிசிக்கு மாற வழி இருக்கிறது. அதில் கழித்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் வரவு வைக்கப்படும். ஆனால் கவர் முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும், உடல்நிலையைப் பார்த்துத்தான் ஏற்பார்கள். சர்க்கரை, இதய நோய் உள்ள பெற்றோர் கம்பெனி பாலிசியில் இருந்தால் முதலில் அவர்களுக்காகக் கேளுங்கள்.

புது வேலையில் சேர்ந்ததும் அங்கே கவர் கூடுதலாக இருந்தாலும் சூப்பர் டாப்-அப்பைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். புது கம்பெனியின் பெனிஃபிட் மேனுவலை வாங்கி, படி 2-இல் உள்ள மூன்று கணக்கையும் அந்த எண்களை வைத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.